சைக்கிள் கொடுத்தால் மட்டும் போதாது: அக்கம்பக்கத்துப் பட்டறைகள் செய்யும் வேலை

லண்டனில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர்களுடைய கவுன்சில் (உள்ளாட்சி) குடியிருப்பின் அடியில் வெகுநாளாகப் பூட்டிக் கிடக்கும் கராஜ்களில் ஒன்றைத் திறந்து, அக்கம்பக்கத்தாருக்கான சைக்கிள் பட்டறை தொடங்கப் போகிறார்களாம். பழைய சைக்கிள் இருந்தால் கொடுங்கள், நேரம் இருந்தால் வந்து கைகொடுங்கள் என்று வீடு வீடாகத் துண்டுச்சீட்டு போட்டிருக்கிறார்கள். "இதனால் இங்கே இருக்கிற ஜனங்களுக்கு நிஜமாகவே ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை சைக்கிள் பிரியர்கள் நாலு பேர் கூடிப் பேசுவதற்குத்தானா?" என்பது அவருடைய கேள்வி. தெற்கு லண்டனில் இப்படி ஒரு பட்டறையில் பல வருடமாகச் சாயங்காலங்களில் வேலை செய்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிரயோஜனம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் பலரும் அதைத் தப்பான இடத்தில் தேடுகிறார்கள். வசதியில்லாத ஒருவருக்கு இலவசமாக ஒரு சைக்கிள் கிடைக்கிறது, அதுதான் இதன் பலன் என்று நினைக்கிறார்கள். இந்த ஊரில் சைக்கிள் கிடைப்பது பெரிய காரியமே இல்லை. எந்தக் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியிலும், எந்த ரயில் நிலையத்து வாசலிலும் காற்று இறங்கி, செயின் துருப்பிடித்து, சொந்தக்காரர் யாரென்றே தெரியாமல் சைக்கிள்கள் நின்றுகொண்டிருக்கின்றன. வாங்கிக்கொண்டு போன சைக்கிள் ஆறு மாதம் கழித்தும் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி, பட்டறை வேண்டியிருப்பதும் அதற்குத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது உடனே பிடிபடாது. நம் பக்கம் தெருமுனையில் ஒரு கடை இருக்கும், வாசலில் தண்ணீர்ச் சட்டியும் காற்றடிக்கும் பம்பும் இருக்கும், பஞ்சர் ஒட்டுவதோ ரிம் பெண்டு எடுப்பதோ பால்ஸ் மாற்றி ஓவராயில் பண்ணுவதோ கூலிக்காரர் கைக்கும் எட்டுகிற செலவுதான். அந்த அமைப்பு இருப்பதால்தான் ஒரு சைக்கிள் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்து அப்புறமும் ஓடுகிறது. லண்டனில் சாமான் விலை குறைவு, கூலிதான் விலை. 5, 6 பவுண்டுக்குக் கிடைக்கும் ட்யூபைக் கடையில் மாற்றச் சொன்னால் 15, 20 பவுண்ட் ஆகிவிடும். செயின், பின்சக்கரப் பல், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் சேர்ந்து மாற்ற வேண்டியிருந்தால் சுலபமாக 100 பவுண்டைத் தாண்டும், சைக்கிளே 80 பவுண்டுக்கு யாரிடமோ பழையதாக வாங்கியதாக இருக்கும். கடைக்காரர்கள்மேல் தப்பில்லை, அவர்கள் கொடுக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் விளைவு என்னவென்றால் ஒரு சின்னப் பழுது வந்ததும் நல்ல சைக்கிள்கூட ஓரம்கட்டப்பட்டு விடுகிறது.

இது என் ஊகமில்லை. கொரோனா சமயத்தில் 2020 ஜூலையில் இங்கிலாந்து அரசு, சைக்கிள் பழுதுபார்க்க ஆளுக்கு 50 பவுண்ட் வவுச்சர் என்று அறிவித்தது. முதல் தவணையாக 50,000 வவுச்சர், திறந்த அன்று இரவே கூட்டம் தாங்காமல் அந்த இணையதளம் படுத்துவிட்டது. அதே வருடம் மே மாதத்தில் பிரான்ஸ் ஒரு சைக்கிளுக்கு 50 யூரோ வரை கொடுக்கத் தொடங்கியிருந்தது, அந்தத் திட்டம் முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் சரிசெய்யப்பட்டன. அவற்றில் பல வீட்டு மூலையில், நிலவறையில், பால்கனியில் சும்மா நின்றுகொண்டிருந்தவை. அந்தப் பூட்டைத் திறக்க 50 யூரோவே போதுமானதாக இருந்தது.

சரி, லண்டனில் யாருக்கு இது அதிகம் தேவைப்படுகிறது? முதலில் சொல்ல வேண்டியது அகதி அந்தஸ்து கேட்டுக் காத்திருப்பவர்களை. அவர்களில் நம் ஈழத் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. முடிவு வரும்வரை பொதுவாக அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. 2024 இல் அவர்களுக்குக் கிடைத்த உதவித்தொகை வாரத்துக்கு 49 பவுண்ட் 18 பென்ஸ், சாப்பாடு போடும் விடுதியில் தங்க வைக்கப்பட்டிருந்தால் 9 பவுண்டுக்கும் குறைவு. அதே வருடம் லண்டன் பஸ்களுக்கு ஒரு வாரச் சீட்டு 24 பவுண்ட் 70 பென்ஸ். ஒருவர் வக்கீலைப் பார்க்க வேண்டும், உள்துறை அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஆங்கில வகுப்புக்குப் போக வேண்டும், உணவு வங்கிக்குப் போக வேண்டும், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய் நாலு மனிதர் முகம் பார்க்க வேண்டும். பஸ்ஸுக்குக் கொடுத்தால் சாப்பாட்டில் பாதி போய்விடும், அதனால் மணிக்கணக்கில் நடக்கிறார்கள், இல்லையென்றால் அறையிலேயே அடைந்து கிடக்கிறார்கள். இவர்களுக்காகவே 2013 இல் ஜெம் ஸ்டைன் என்பவர் லண்டனில் தொடங்கியதுதான் 'தி பைக் புராஜெக்ட்'. கைவிட்ட சைக்கிள்களை வாங்கிப் பழுதுபார்த்து, பூட்டு, விளக்கு, ஹெல்மெட்டோடு கொடுக்கிறார்கள். இதுவரை 10,000 க்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். வரும் சைக்கிள்களில் நல்ல விலை போகக்கூடியதைச் சரிசெய்து விற்று, அந்தப் பணத்தையும் இதற்கே போடுகிறார்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கொடுத்த சைக்கிளுக்கு அப்புறம் என்ன ஆகிறது? விடுதியில் உள்ளே வைக்க இடம் கிடையாது, அதனால் வெளியே மழையில் நிற்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுகிறார்கள், அது செயினையும் கேபிளையும் தின்றுவிடும். தினமும் 15 கிலோமீட்டர் மிதிக்கிறவருடைய பிரேக் கட்டை ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். ஓட ஓடத் தேய்ந்து, அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும், 10, 15 பவுண்டோடு முடிந்துவிடும். கவனிக்காமல் எட்டில் ஒரு பங்கு நீளும் வரை விட்டால் பின்சக்கரத்துப் பல்லும் அந்தச் செயினுக்கு ஏற்றபடி தேய்ந்துவிடும், அப்புறம் புதுச் செயின் போட்டாலும் ஏறி மிதிக்கும்போது வழுக்கும், இரண்டையும் மாற்றியாக வேண்டும். இந்த ஓர் அளவு தெரிந்திருப்பதும் தெரியாமலிருப்பதும் ஏழைக்கு 30, 40 பவுண்ட் வித்தியாசம். எங்கள் பட்டறையில் வாசலுக்குப் பக்கத்திலேயே ஆணியில் செயின் அளக்கும் கருவி தொங்கும். அது சின்ன ஒரு தகரத் துண்டு, அவ்வளவுதான். வருகிற யாரும் கேட்காமலே எடுத்துச் செயினில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், முனை கண்ணிக்குள் முழுசாக இறங்கினால் உள்ளே வாருங்கள், இறங்காவிட்டால் எண்ணெய் போட்டுக்கொண்டு போய்வாருங்கள்.

பட்டறை எப்படி நடக்கிறது என்று பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். சுவரில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவமும் வரைந்திருக்கும், எடுத்ததை அந்த உருவத்தின்மேல் திரும்ப மாட்டிவிட வேண்டும், ராத்திரி மூடும்போது எது காணோம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மூன்று நாலு ஸ்டாண்டு, சைக்கிளை இடுப்புயரத்தில் தூக்கி மாட்டுவதற்கு. டப்பா டப்பாவாகப் பழைய சாமான்கள். வருகிறவர் சைக்கிளை விட்டுவிட்டு அப்புறம் வந்து எடுத்துக்கொள்ள முடியாது, கூட நின்று அவரேதான் செய்ய வேண்டும். எங்கள் வேலை பக்கத்தில் நிற்பது, தப்பான பக்கம் திருப்பினால் சொல்வது. இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ் என்பது தெரியாமல் முழுப் பலத்தோடு இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் வாராவாரம் ஒருவராவது வருவார்கள், அதை ஒருதரம் கையால் உணர்ந்துவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது. முடிந்தவர்கள் பெட்டியில் ஏதாவது போட்டுவிட்டுப் போவார்கள், முடியாதவர்களை யாரும் கேட்பதில்லை.

இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டால் என்ன, ஏன் அவர்களையே செய்ய வைக்கிறீர்கள் என்று சிலர் கோபப்படுவதுண்டு. எனக்கு இதில் தெளிவான அபிப்பிராயம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிற ஓர் அம்மா எங்களிடம் வந்தார். காலை ஆறரைக்கு முதல் வீடு, ராத்திரி ஒன்பதுக்குக் கடைசி வீடு, இடையில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. இந்தத் தொழிலில் பல இடங்களில் இதுதான் நிலைமை. பஸ்ஸில் போனால் இரண்டு வீட்டுக்கு நடுவே முக்கால் மணி நேரம், சைக்கிளில் போனால் பதினைந்து நிமிடம். அவருக்குப் பஞ்சர் என்பது ஒரு சின்னத் தொல்லை இல்லை, அன்றைக்கு அடுத்த வீட்டுப் பாட்டி மருந்தில்லாமல் உட்கார்ந்திருப்பார், இவருக்குக் கூலி வெட்டு. பட்டறை வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும், பஞ்சர் நாள் பார்த்து வராது. அதனால் அவருக்கு நாங்கள் கொடுத்ததில் பெரியது என்னவென்றால், இரண்டு டயர் லிவர், ஒரு உபரி ட்யூப், ஒரு சின்னப் பம்ப், அதோடு பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் பழக்கம். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆனது. செயினைக் கடைசிப் பல்லில் விட்டுக்கொண்டு சக்கரத்தைக் கழற்றுவது, டயரை எடுத்ததும் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டி கண்ணாடித் துண்டு குத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது, டயரை மாட்டும்போது கடைசி ஒரு சாண் நீளத்தை லிவரால் நெம்பாமல் உள்ளங்கையால் உருட்டி ஏற்றுவது, ஒவ்வொன்றையும் அவரே இரண்டு முறை செய்தார். அடுத்த மாதம் மழையில் நடைபாதை ஓரத்தில் நின்று தனியாக மாற்றினேன் என்று வந்து சொன்னார். கடையிலோ எங்களிடமோ விட்டுவிட்டுப் போயிருந்தால் அது நடந்திருக்காது.

இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உதவி வாங்குகிறவர், உதவி செய்கிறவர் என்று ஆட்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் இந்த இடங்களில் சீக்கிரமே உடைந்துவிடும். யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், தன் மனுவுக்கு முடிவு வராமல் இரண்டாவது வருடமாகக் காத்திருந்தவர், சைக்கிள் வாங்கத்தான் வந்தார். யாழ்ப்பாணம் சைக்கிளின் ஊர். 90 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெட்ரோல் கிடைக்காமல் ஊரே சைக்கிளில்தான் நகர்ந்தது, கரண்டு இல்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். தம்பியின் அப்பா அந்தக் காலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் ஒரு சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, விடுங்கோ, இந்தச் சில்லுக்குக் கம்பி ஒரு பக்கம் தளர்வு, தட்டிப் பார்த்தாலே தெரியுது" என்றார். கம்பிகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டி, சத்தம் மட்டமாக வருகிற கம்பியின் நிப்பிளை, அதாவது முனையிலிருக்கும் சின்ன நட்டை, கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்று விட்டு, பத்து நிமிடத்தில் நேராக்கிவிட்டார். ஆங்கிலம் அதிகம் வராது, ஆனால் அன்றிலிருந்து சக்கரம் என்றால் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள். சம்பள வேலைக்குத் தடை இருந்தாலும் தொண்டு அமைப்புகளில் ஊதியமில்லாமல் உதவுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. எதற்கும் லாயக்கில்லாதவன் என்று ஓர் அலுவலகம் வருடக்கணக்கில் மனிதனை உட்கார வைத்திருக்கும்போது, வாரத்தில் இரண்டு சாயங்காலம் 'நீ இல்லாமல் வேலை ஓடாது' என்று நாலு பேர் சொல்வது சாதாரண விஷயமில்லை. அந்தச் சாயங்காலங்களில்தான் அவருக்கு வக்கீல் பெயரும் கிடைத்தது, ஆங்கில வகுப்பும் கிடைத்தது, அப்புறம் அனுமதி வந்ததும் தங்க அறையும் கிடைத்தது.

இளம்பிள்ளைகளுக்கு இது வேறு விதத்தில் உதவுகிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' என்ற அமைப்பு 1984 இல் தொடங்கியது. நிகரகுவாவில் தங்கள் அரசு நடத்திய தலையீட்டை எதிர்த்தவர்கள், அந்த நாட்டுக்குச் சைக்கிள் திரட்டி அனுப்ப ஆரம்பித்தது அது. பிற்பாடு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பழைய சைக்கிளை முழுக்கப் பிரித்து மறுபடி பூட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளை, முடிவில் தான் பூட்டிய சைக்கிளைத் தனக்கே எடுத்துக்கொள்ளலாம். 'உழைத்துச் சம்பாதி' என்கிற இந்த முறை அப்புறம் பல நாடுகளுக்குப் போனது, 2008 இல் தொடங்கிய பிரிஸ்டல் பைக் புராஜெக்டும் இப்படித்தான், வருகிறவர் பயிற்சியாளரோடு சேர்ந்து தன் சைக்கிளைத் தானே தயார்செய்து எடுத்துப் போகிறார். லண்டனில் 'எக்ஸ்ஓ பைக்ஸ்' என்ற அமைப்பு சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு மெக்கானிக் வேலை கற்றுக் கொடுத்து, அவர்கள் சரிசெய்யும் சைக்கிள்களை விற்கிறது. பிரிட்டனில் சைக்கிள் மெக்கானிக்குகளுக்கு 'சைடெக்' என்று முறையான தேர்ச்சிச் சான்றிதழ் இருக்கிறது, அதைக் கையில் வைத்திருந்தால் கடைகளில் வேலை கேட்க முடியும். பள்ளிக்கூடத்தில் உட்கார மாட்டேன் என்கிற பதினாறு வயதுப் பையன் பாட்டம் பிராக்கெட்டின், அதாவது பெடல் அச்சு சுழலும் இடத்தின், உள்ளே இருக்கும் பேரிங்கை இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் அதைத்தான் காட்ட ஆசைப்படுவேன்.

பெண்களுக்கென்று தனி நேரம் வைப்பது பற்றிச் சிலர் முகம் சுளிப்பார்கள். வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பொது நாட்களில் வருகிற பெண்ணின் கையிலிருந்து யாராவது ஓர் ஆண் 'இதோ நான் செய்கிறேன்' என்று நல்லெண்ணத்தோடுதான் ஸ்பானரை வாங்குகிறார், அதோடு அவர் கற்றுக்கொள்வது முடிந்துவிடுகிறது. ஹாக்னியில் 'லண்டன் பைக் கிச்சன்' பெண்களுக்கும் பாலினம் மாறுபட்டவர்களுக்கும் தனிச் சாயங்காலம் வைத்தது, தி பைக் புராஜெக்ட் அகதிப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவே கற்றுக் கொடுக்கிறது. சொந்த நாட்டில் பெண் சைக்கிள் ஏறுவதே வழக்கமில்லாத இடங்களிலிருந்து வருகிறவர்கள் அவர்களில் உண்டு. புதுக்கோட்டையில் 90 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பஸ்ஸுக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திருக்காமல் தானே கிளம்பிப் போக முடிவது என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

இந்தப் பட்டறைகள் நேற்று முளைத்தவை அல்ல. வியன்னாவில் பழைய ரயில் எஞ்சின் தொழிற்சாலைக் கட்டடத்தை மக்கள் கலாச்சாரக் கூடமாக எடுத்துக்கொண்டபோது, 1980 களிலேயே அதற்குள் ஒரு சைக்கிள் பட்டறை வந்துவிட்டது, இன்னும் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 2002 இல் ஒரு அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் ஆரம்பித்த பட்டறை உலகம் முழுக்கப் பலருக்கு முன்மாதிரி ஆனது. பிரான்சில் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன, அங்கே நகராட்சிகளே பல இடங்களில் இடம் கொடுக்கின்றன. லண்டனில் அந்த அளவுக்கு இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

நண்பரே, உங்கள் பகுதியில் தொடங்குகிறவர்களிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. சைக்கிள் எங்கிருந்து வருகிறது? கவுன்சிலும் குடியிருப்புச் சங்கங்களும் அகற்றும் கேட்பாரற்ற வண்டிகள், ரயில் நிலையங்களில் விட்டுப் போனவை, வீட்டுக்காரர்கள் கொடுப்பவை, இவைதான் வழக்கமான வழி. ஒவ்வொன்றின் சட்டத்திலும் (ஃபிரேமில்) அடித்திருக்கும் எண்ணை 'பைக்ரெஜிஸ்டர்' பதிவில் போட்டுப் பார்க்க வேண்டும், திருட்டு வண்டியைப் புண்ணியத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது. அப்புறம், கொடுப்பதற்கு முன் யார் கடைசியாகச் சோதிக்கிறார்கள்? பூட்டியவரே சோதித்தால் போதாது, இரண்டாவது ஆள் முன்சக்கரத்தில் ஆரம்பித்து, ஹேண்டில்பார், பெடல், சீட், பின்சக்கரம் என்று 'எம்' எழுத்தின் வடிவத்தில் ஏறி இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிரிட்டனில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இடக்கை. வேறு நாட்டுப் பழக்கத்தோடு வருகிறவர் இறக்கத்தில் அவசரத்தில் அழுத்தினால் தலைகுப்புறப் போவார், அதனால் தெருவுக்கு விடுவதற்கு முன் முற்றத்தில் ஓட்டவைத்து இதைக் காட்டியே ஆக வேண்டும்.

உணவு டெலிவரி ஓட்டுகிற பையன்கள் வருவார்களா என்றும் கேளுங்கள், கட்டாயம் வருவார்கள். சாதாரண சைக்கிளில் மோட்டாரும் பேட்டரியும் பிறகு பொருத்திய வண்டி, நாளெல்லாம் ஓடுவதால் பிரேக்கும் பின்சக்கரக் கம்பிகளும் சீக்கிரம் போய்விடும். அவற்றைச் சரிசெய்து கொடுப்பது அந்தப் பையன்களின் உயிரைக் காப்பது. ஆனால் பேட்டரியைத் தொடக் கூடாது, பட்டறைக்குள் சார்ஜ் போட விடவும் கூடாது. 2023 இல் லண்டனில் மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் தீ விபத்துகள் சராசரியாக இரண்டு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் நடந்தன, பொருந்தாத சார்ஜரும் மலிவு பேட்டரியும் அதற்கு முக்கியக் காரணங்கள். குடியிருப்புக்குக் கீழே இருக்கும் கராஜ் என்கிறீர்கள், அப்படியென்றால் இந்த விதியைக் கதவிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் பிழைப்பு போகாதா என்பது அடுத்து வரும் கேள்வி. நான் பார்த்தவரையில் போகவில்லை. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைக்குப் போயே இருக்க மாட்டார்கள், வண்டியை மூலையில் போட்டிருப்பார்கள். அக்கம்பக்கத்துக் கடை ஒன்று, செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் ஆட்களை எங்களிடம் அனுப்பும், கழற்றிப் போட்ட நல்ல சாமான்களையும் பெட்டியில் போட்டுக் கொடுக்கும், புதுச் சாமான் வேண்டியவர்களை நாங்கள் அங்கே அனுப்புவோம்.

இந்தப் பட்டறைகள் தோற்கிற இடங்களும் உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் சந்தேகம் வெறும் சந்தேகமில்லை. சில இடங்களில் கதவைத் திறந்தால் நாலு பேர் விலையுயர்ந்த பழைய இத்தாலிய சைக்கிள் சட்டத்தைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், துருப்பிடித்த சூப்பர்மார்க்கெட் சைக்கிளோடு வரும் பையனை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், அவன் திரும்பிப் போய்விடுவான், அப்புறம் வரவே மாட்டான். திறக்கும் நேரம் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத்தான் வசதி, துப்புரவு வேலைக்கும் பராமரிப்பு வேலைக்கும் போகிறவர்கள் அந்நேரம் ஷிஃப்டில் இருப்பார்கள். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி வாடகையும் சம்பளமும். நிதி கொடுப்பவர்கள் '200 சைக்கிள் கொடுத்தோம்' என்று எண்ணிச் சொல்ல முடிகிற திட்டத்துக்குப் பணம் தருகிறார்கள், ஆள் நிரந்தரமாக உட்கார்ந்து கதவைத் திறந்து வைப்பதற்குத் தருவதில்லை. அதனால் முதல் வருடம் தடபுடலாகக் கொடுப்பார்கள், மூன்றாம் வருடம் கதவு மூடியிருக்கும், கொடுத்த சைக்கிள்கள் எல்லாம் முதல் பெரிய பழுதோடு நின்றிருக்கும். சம்பளம் வாங்கும் தேர்ந்த மெக்கானிக் ஒருவராவது, வாரத்தில் சில மணி நேரமாவது இல்லாத பட்டறை தன்னார்வலர்களின் உற்சாகம் தீர்ந்ததும் தள்ளாடத் தொடங்கிவிடும். கவுன்சில் கராஜை எத்தனை வருடத்துக்கு எழுதிக் கொடுக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள், ஒரு வருட ஒப்பந்தத்தை நம்பி ஸ்டாண்டும் கருவியும் வாங்கிப் போடுவது வீண்.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், மெக்கானிக் வேலை தெரியாவிட்டாலும் போங்கள். வருகிறவரைப் பெயர் கேட்டு உட்கார வைப்பது, டீ போடுவது, சாமான்களை டப்பாவில் பிரித்துப் போடுவது, இவற்றுக்கு எப்போதும் ஆள் குறைவுதான். தமிழ் பேசுகிற ஒருவர் இருந்தால் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் கியர் மாற்றுவது எப்படி, சீட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள், அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தனிச் சாயங்காலம் ஒன்று பெண்களுக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு தடவையாவது திறக்க வேண்டும் என்று ஆரம்பக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், பிற்பாடு மாற்றுவது கஷ்டம்.

சைக்கிள் கொடுப்பதாக இருந்தால், சட்டம் நேராக இருக்கிறதா, சீட்டுக் குழாய் ஏற்றி இறக்க அசைந்து கொடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டயர் கிழிந்திருந்தாலும் செயின் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, அவை மாற்றக்கூடியவை, ஆனால் சீட்டுக் குழாய் உள்ளேயே பிடித்துக்கொண்ட வண்டியைக் கழற்றுவதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த, 18 கிலோ கனமுள்ள மலிவு வண்டிகளை அங்கே தள்ளிவிடாதீர்கள். தகரத்தை வளைத்துச் செய்த பிரேக் எத்தனை தரம் சரிசெய்தாலும் நிற்காது, அதைச் சீர்செய்கிற நேரத்தில் நல்ல வண்டி இரண்டை ஓட வைத்துவிடலாம். சிறுவர் சைக்கிள்கள் எப்போதும் வேண்டியிருக்கும், பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஒரே வண்டி நாலைந்து வீட்டுக்குப் போய்வரும். அப்புறம் பூட்டு இருந்தால் அதையும் கொடுங்கள், சாவியோடு.